கார்தா ஏரிக்கு அரை நாள் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த இத்தாலிப் பயணக் கட்டுரையில், கார்தா ஏரியை வெரோனாவிலிருந்து அரை நாளில் பார்த்துத் திரும்பிவிடலாம் என்று எழுதியிருந்தார்கள். திரும்பலாம்தான். நானே ஒருமுறை அப்படித் திரும்பியவள். ஒரு சுற்றுலா நிறுவனத்தோடு போனபோது தென்கரையில் சிர்மியோனேயில் இறக்கிவிட்டு இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். அதில் அரை மணி கழிப்பறை வரிசையிலேயே போயிற்று.

போன ஜூனில், மியூனிக்கில் வேலை பார்க்கும் மகளோடு ஏரியின் வடகோடியில் இருக்கும் ரீவா தெல் கார்தாவில் ஐந்து நாள் தங்கினேன். ரயில் ரொவெரெத்தோ வரைக்கும்தான், அப்புறம் பஸ். முப்பது வருடம் புவியியல் நடத்தியவள் நான். நிலக்காற்று, கடற்காற்று என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டே ஓய்வு பெற்றுவிட்டேன். அந்த அம்புக்குறி அசைவதை ரீவாவில்தான் பார்த்தேன்.

விடிவதற்கு முன்பே வடக்கேயிருந்து மலைக்காற்று இறங்குகிறது. பெலேர் என்கிறார்கள், நம் கணக்கில் வாடை. முற்பகலில் அது ஓய்ந்ததும் ஏரி எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கிறது. வடக்கே சார்கா பள்ளத்தாக்கும் பாறைச் சரிவுகளும் வெயிலில் சூடேறி, அங்குள்ள காற்று மேலெழும்ப, மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து ஓரா என்ற காற்று புறப்படுகிறது. தெற்கிலிருந்து வந்தாலும் அதைத் தென்றல் என்று சொல்ல மனம் வரவில்லை, முகத்தில் அறைகிறது! தெற்கே அகலமாக இருக்கும் ஏரி இங்கே செங்குத்து மலைகளுக்கு நடுவே ஒடுங்கிவிடுவதால், காற்றும் முண்டியடித்துக்கொண்டுதான் வருகிறது. பக்கத்து ஊர் டோர்போலேயில், பாய் கட்டிய பலகையில் நின்று நீரில் சறுக்கும் விண்ட்சர்ஃபிங் பிள்ளைகள் அதற்காகவே கரையில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் அலை நெளிந்ததும் ஒரே ஓட்டம். காலையில் வந்து மதியம் பஸ் ஏறுகிறவர் இதை எங்கே பார்ப்பது?

இந்த வடபகுதியில், அதாவது திரெந்தினோ மாகாணத்தின் நீரில், தனியார் மோட்டார் படகுகளுக்குத் தடை. அதனால் பாய் படபடப்பது கரைக்குக் கேட்கிறது.

நடக்கிறவர்களுக்குப் பொனாலே பாதை இருக்கிறது. லெத்ரோ பள்ளத்தாக்கை ரீவாவோடு சேர்க்க, ஜாக்கோமோ சிஸ் என்ற வணிகரின் முயற்சியில் 1851-ல் பாறையைக் குடைந்து போட்ட சாலை. இப்போது கார் கிடையாது, நடையும் சைக்கிளும்தான். முதல் உலகப் போரில் இது ஆஸ்திரியாவின் எல்லை; பாறைக்குள் குடைந்த ராணுவச் சுரங்கங்கள் இன்னும் இருக்கின்றன. என் முழங்காலுக்கு முக்கால் மணி நேரம் தாங்கியது. ஒரு எச்சரிக்கை: இறக்கத்தில் சைக்கிள்காரர்கள் சத்தமில்லாமல் வருவார்கள், மலைப் பக்கமாக ஒட்டி நடங்கள்.

இறைச்சி சாப்பிடாதவர்கள் பயப்பட வேண்டாம். ஊறிய ரொட்டியும் கீரையும் முட்டையும் சேர்த்துப் பிடித்த உருண்டைக்கு அங்கே ஸ்த்ராங்கொலாபிரேத்தி என்று பெயர். பாதிரியார் கழுத்தை நெரிப்பது என்று அர்த்தமாம். நான் இரண்டு நாள் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை.

கடைசி நாள் படகில் மல்செசினேக்குப் போனோம். 1786 செப்டம்பரில் ஜெர்மன் கவிஞர் கோதே டோர்போலேயிலிருந்து விடியுமுன் படகேறித் தெற்கே கிளம்பினார். போகப் போகக் காற்று எதிர்த்துத் திரும்பிவிட, இந்த ஊரில் ஒதுங்க வேண்டியதாயிற்று. சும்மா இருக்காமல் கோட்டையைப் படம் வரைய, ஆஸ்திரிய உளவாளியோ என்று ஊரே கூடி அவரை விசாரித்தது. இப்போது அதே கோட்டைக்குள் அவருக்கு ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள்.

அடுத்த முறை கார்தாவைப் பற்றி எழுதும்போது, படகு நேரங்களோடு இந்த இரண்டு காற்றுகளின் நேரத்தையும் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
நாகப்பட்டினம்