கட்டியக்காரனைக் கேட்க வைத்தவர்களுக்கு நன்றி

ஊர்ப் பெரியவர்களுக்கும், எங்களோடு நின்ற அத்தனை பேருக்கும் வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வருகிற மே மாதத்தை ஒட்டி, பரீட்சையில் தோற்ற பிள்ளைகள் தற்கொலை நினைப்புக்குப் போய்விடக் கூடாது என்று செய்யாறு பக்கத்து ஊர்களில் எங்கள் பிள்ளைகள் ஆடிய கூத்து நல்லபடியாக முடிந்தது. பார்த்தவர்கள் எல்லாம் பிள்ளைகளைத் தட்டிக்கொடுத்தீர்கள். அதில் பாதிக்கு மேல் வேறு ஆட்களுக்குப் போய்ச் சேர வேண்டியது. அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் கூத்து வாத்தியார். விடிய விடிய ஆடுகிற கூத்தை ஒன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்றதும் அவர் முகம் போன போக்கைச் சொல்லி இன்னமும் சிரித்துக்கொண்டிருக்கிறோம். பாரதக் கதை கிடையாது, வில்வித்தைப் பரீட்சையில் கோட்டை விட்ட ஓர் இளவரசன் கதை என்றோம். "சரி, எழுதிக் கொண்டாங்க, பாக்கலாம்" என்றார். அப்புறம் அவரே உட்கார்ந்து, வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடுகிற திரை விருத்தம் கட்டிக்கொடுத்தார். அடவு, பின்பாட்டு, மர அணிகளான கட்டைகளைக் கட்டுவது, முகத்துக்கு வர்ணம் போடுவது எல்லாம் அவர் கற்றுக்கொடுத்ததுதான். காசு பற்றி ஒரு பேச்சு எடுக்கவில்லை. கேலி பேசிக் கதையை நடத்துகிற கட்டியக்காரன் வேஷத்தை ஒரு பெண்ணுக்குக் கொடுத்ததும் அவர் முடிவு. எங்கள் பக்கம் பெண்கள் வேஷம் கட்டுவது அபூர்வம். "யாருக்கு வாய் இருக்கோ அவங்கதான் கட்டியக்காரன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்தப் பெண்ணை நம்பி அனுப்பிய அப்பா அம்மாவுக்கும் நன்றி.

அடுத்து, மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் அம்மா. கடைசியில் இளவரசன் செத்துப்போக வேண்டும் என்பதில் பிள்ளைகள் பிடிவாதமாக இருந்தார்கள். சாவு இருந்தால்தான் ஜனம் அழும் என்பது அவர்கள் கணக்கு. டாக்டர் ஒப்பவே இல்லை. அழுகிற கூட்டத்தில் ஏற்கெனவே அந்த நினைப்போடு ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கலாம், செத்தால்தான் நம் அருமை இவர்களுக்குப் புரியும் என்று அது எடுத்துக்கொள்ளும் என்றார். 2022ஆம் ஆண்டில் நாடு முழுக்க 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள் என்ற தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கை எங்களுக்குச் சொன்னவரும் அவர்தான், அதை நோட்டீஸில் போடாதீர்கள் என்றவரும் அவர்தான். (இது பெரியவர்கள் படிக்கிற மடல் என்பதால் இங்கே எழுதுகிறேன்.)

சாவுக் காட்சி போனதால் கிடைத்த இடத்தில்தான் நீங்கள் கைதட்டிய அந்தக் காட்சி வந்தது. அதுவரை கேலி பேசிக்கொண்டிருந்த கட்டியக்காரன் இளவரசன் பக்கத்தில் வந்து உட்காருகிறான். "என்ன ராஜா, சோறு இறங்கல. கிரிக்கெட்டுக்கு வரல. உசிரா வெச்சிருந்த பேட்டைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தூக்கிக் குடுத்துட்ட. செத்துப்போயிடலாம்னு தோணுதா?" இப்படி நேராகக் கேட்கப் பிள்ளைகள் ரொம்பவே பயந்தார்கள். நாமே எடுத்துக்கொடுத்த மாதிரி ஆகிவிடாதா என்று கேட்டார்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, உள்ளே இருந்தால் வெளியே சொல்ல ஒரு வழி கிடைக்கும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். அதன் பிறகு அந்தக் கேள்வியைக் குரல் நடுங்காமல் கேட்கும் வரை ஒத்திகை நடந்தது. அடவுக்குக்கூட இவ்வளவு ஒத்திகை பார்க்கவில்லை.

அது கூத்துக்கு மட்டும் பயன்படவில்லை. எங்களிடம் திரை பிடிக்கிற பையன் ஒருவன் உண்டு. வேஷம் வேண்டாம், வசனம் வேண்டாம், திரை மட்டும் பிடிக்கிறேன் என்று வந்தவன். கொஞ்ச நாளாக ஒத்திகைக்கு வரவில்லை. கட்டியக்காரியும் இன்னும் இரண்டு பேரும் அவன் வீட்டுக்கே போய்விட்டார்கள். மேடையில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்கள். ஆமாம் என்றான். அறிவுரை எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து மனநல உதவி எண்ணான 14416க்குப் போன் போட்டுக் கொடுத்தார்கள், அவன் அம்மாவிடமும் சொன்னார்கள். இப்போது டாக்டரிடம் போய்வருகிறான். பெயர் போடாமல் எழுதினால் சரி என்று அவனே சொன்னதால் எழுதுகிறேன். பதினேழு பதினெட்டு வயதில் இப்படி ஒரு காரியம் செய்த அந்த மூவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் ஒருவர் தற்கொலைக்கு முயன்றது வெளியே தெரிந்தால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மூடி மறைக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அதைக் கட்டியக்காரன் வாயால் உடைக்கச் சொன்னவர் எங்கள் வக்கீல் அக்கா. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், சிகிச்சை தருவது அரசின் கடமை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இல்லை. இதை அவர் பாட்டாகவே எழுதிக்கொடுத்தார். சந்தம் இடித்தது, வாத்தியார் சரிசெய்தார்.

நேரில் பார்க்காதவர்களுக்கும் ஒரு நன்றி உண்டு. சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பும், அதைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் விடாமல் வலியுறுத்தியவற்றில் ஒன்று, தோற்ற மாணவர்களுக்கு உடனடித் துணைத் தேர்வு. ஒரு வருஷம் வீணாகாது என்பது அந்த வயதில் எவ்வளவு பெரிய விஷயம்! எங்கள் இளவரசன் கதை முடிவில் மறுபடி பரீட்சைக்குக் கிளம்புவது அங்கிருந்து வந்ததுதான். 2017இல் ரேங்க் பட்டியலைக் கைவிட்ட பள்ளிக்கல்வித் துறைக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஓர் இடத்தில் "அந்த வார்த்தையே எங்கள் வளாகத்தில் கூடாது" என்று மைதானம் தர மறுத்தார்கள். வருத்தம்தான், மறைக்கவில்லை. அன்று சாயங்காலமே திரௌபதி அம்மன் கோயில் திடலைத் திறந்துவிட்ட பெரியவர்களுக்குக் கும்பிடு. மைக் செட் அண்ணன், டெம்போ ஓட்டிய தம்பி, ராத்திரி பத்து மணிக்குமேல் பிள்ளைகளுக்குத் தோசை ஊற்றிக்கொடுத்த அக்காமார்கள், எல்லோருக்கும் நன்றி. செய்தி போடும் முன் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று டாக்டரிடம் கேட்டு, உதவி எண்ணையும் மறக்காமல் போட்ட நிருபருக்குத் தனி நன்றி.

அந்த எண்ணை இங்கேயும் தருகிறேன்: 14416. இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். 104இலும் பேசலாம்.

வாத்தியார் வீட்டுக் கிரீடம் ஒன்றும் புஜக்கட்டை இரண்டும் இன்னும் எங்களிடம்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறோம் ஐயா. அடுத்த ஊர்க் கூத்துக்குத் தேதி குறிக்க வேண்டும், அன்றைக்கே பேசிவிடலாம்.

இப்படிக்கு,
கூத்துப் பிள்ளைகள் சார்பில்,
அவர்களோடு ஆர்மோனியப் பெட்டி தூக்கித் திரிகிறவன்