அலையாக நடித்த சிறுவனும் ஜெனின் மேடையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையில் இருக்கும் ஜெனின் அகதிகள் முகாமில் சுதந்திர அரங்கத்தைத் தொடங்கிய ஜூலியானோ மெர்-கமிஸைப் பற்றிச் சென்ற இதழில் வந்த நினைவுக் கட்டுரையைப் படித்தேன். அவரைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைத்ததே சந்தோஷம். ஆனால் அங்கே நாடகம் பழகிய பிள்ளைகளே பிற்பாடு துப்பாக்கி தூக்கினார்கள், ஆகவே அந்த முயற்சி தோற்றுப்போனது என்கிற மாதிரி கட்டுரை முடிகிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த மேடை அவருடைய அம்மா ஆர்னா மெர் தொடங்கிய வேலையில் உருவானது. ஆர்னா யூதர். கணவர் சலிபா கமிஸ் பாலஸ்தீனக் கிறிஸ்தவர், இஸ்ரேல் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர்களில் ஒருவர். இஸ்ரேல் ஆக்கிரமிப்பை எதிர்த்துப் பாலஸ்தீனர்கள் எழுந்த முதல் இன்டிஃபாதா நாட்களில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது ஆர்னா ஜெனினுக்குப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது 1993இல் அவருக்குக் கிடைத்தது. அந்தப் பணத்தில் முகாமுக்குள்ளேயே, சமீரா சுபைதி என்ற தாயின் வீட்டு மாடியில், பிள்ளைகளுக்கு ஒரு மேடை எழும்பியது. நாடகம் சொல்லிக்கொடுத்தவர் ஜூலியானோ. 1995இல் ஆர்னா புற்றுநோயில் இறந்தார். 2002இல் இஸ்ரேல் ராணுவம் முகாமை இடித்தபோது அந்த மேடையும் போனது. அந்த வருடமே சமீராவும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஜூலியானோ எடுத்த ‘ஆர்னாவின் குழந்தைகள்’ ஆவணப்படத்தில் ஒரு காட்சி. வீடு இடிபட்ட கோபத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் ஆர்னா பேசுகிறார். நான்தான் ராணுவம் என்று வைத்துக்கொள், என்னை என்ன செய்வாய் என்று கேட்கிறார். சிறுவன் ஒருவன் அவர்மேல் பாய்ந்து அடிக்கிறான். கோபத்தை விழுங்கு என்று அவர் சொல்லவில்லை, வெளியே வரவிடுகிறார்.

இதை நான் கண்ணால் கண்டவள். சுனாமிக்குப் பிறகு, 2005இல், நாகப்பட்டினம் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில் பிள்ளைகளை வைத்து நாடகம் போடப் போயிருந்தேன். ஒரு பையன் வாயே திறக்க மாட்டான். ஆனால் நாடகம் என்றால் அலையாகத்தான் வருவான். நீலச் சேலை ஒன்றை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்து ஓடிவந்து எல்லோரையும் கீழே தள்ளுவான். ஒரு வாரம் அதே வேஷம். அப்புறம் ஒரு நாள் சேலையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, “டீச்சர், இன்னைக்கு நான் படகு” என்றான்.

எங்கள் அலை ஒரு தடவை வந்து போய்விட்டது. அந்தப் பையன் சேலையை மடித்துக் கொடுக்க அதனால்தான் முடிந்தது. ஜெனின் பிள்ளைகளுக்கு அந்த அலை திரும்பத் திரும்ப வந்தது. வீட்டுக்குள், தெருவுக்குள், அவர்கள் நடித்த மேடைக்குள்ளேயே வந்தது. ஆறுவதற்கு முன்னால் மறுபடி மறுபடி அடிவிழுந்த புண்ணைக் காட்டி மருந்து பலிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

ஆயுதம் தூக்கிச் செத்துப்போன அந்தப் பிள்ளைகளை ஜூலியானோ பெயர் பெயராக அறிந்தவர். அவர்களுக்கு என்ன ஆனது என்று தெரிந்த பிறகுதான் 2006இல் திரும்பப் போய் சுதந்திர அரங்கத்தைத் தொடங்கினார். கூட நின்றவர்களில் சமீராவின் மகன் சக்காரியாவும் ஒருவர். பழைய மேடையில் சிறுவனாக நடித்து, பிறகு ஆயுதக் குழுத் தலைவராக ஆனவர். ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து மேடையேறியதை முகாமிலேயே சிலர் பொறுக்கவில்லை. அரங்கத்துக்குத் தீ வைக்கவும் பார்த்தார்கள். 2011 ஏப்ரல் 4 அன்று அரங்கத்துக்கு வெளியே, கைக்குழந்தையான மகனும் காரில் இருக்க, முகமூடி அணிந்த ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றான். வயது 52. இன்றுவரை யாருக்கும் தண்டனை இல்லை.

ஆனால் அரங்கம் நிற்கவில்லை. இதைக் கட்டுரையில் ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம். 1989இல் டெல்லிக்குப் பக்கத்தில் சாஹிபாபாதில் தெருநாடகம் போட்டுக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு இறந்த சஃப்தர் ஹாஷ்மியின் ஜன நாட்டிய மஞ்ச் குழுவும் சுதந்திர அரங்கமும் சேர்ந்து ஒரு நாடகம் தயாரித்தன. 2015 கடைசியிலும் 2016 தொடக்கத்திலும் அதை எடுத்துக்கொண்டு இந்திய நகரங்களுக்குப் போனார்கள். கொலையில் தலைவனை இழந்த இரண்டு குழுக்கள் ஒரே மேடையில் நின்றதை நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

2023 டிசம்பரில் ராணுவம் அரங்கத்துக்குள் புகுந்து சூறையாடியது. மேலாளர் முஸ்தஃபா ஷேத்தாவை ஒரு வருடத்துக்கும் மேல் விசாரணையில்லாமல் சிறையில் வைத்திருந்தார்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய நடவடிக்கையில் முகாமின் மக்களே வெளியேற்றப்பட்டார்கள். மேடை அங்கே இருக்கிறது, நடிக்க வேண்டிய பிள்ளைகள் ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிறார்கள். அடுத்த கட்டுரையை அவர்களைப் பற்றி எழுதச் சொல்லுங்கள், ஐயா.

அன்புடன்,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
மயிலாடுதுறை