தந்தி இங்கிலீஷும் சார்ட் இங்கிலீஷும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கட்டுரையைத் தெருமுனைக் கடையில் பிரின்ட் எடுத்து, மூன்று நாளாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாம்தான். நீ டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் கடிதம்.

இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்குப் போக நீ எழுதிய ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் லிசனிங் 7.5, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 7, ரைட்டிங் மட்டும் 6. இங்கிலாந்து நர்சிங் கவுன்சில் ரைட்டிங்குக்குக் கேட்பது 6.5. முன்பு அதற்கும் 7 வேண்டும் என்றுதான் இருந்தது, 2018 கடைசியில் குறைத்தார்கள். மிச்சமிருக்கிற அந்த அரைக்காக இரண்டு தடவை பணம் கட்டிவிட்டாய். "எனக்கு இங்கிலீஷே வராதுப்பா" என்று அழுகிறாய். மஸ்கட்டில் இத்தனை வருஷமாக டாக்டரிடமும் நோயாளியிடமும் எந்த மொழியில் பேசிக்கொண்டிருக்கிறாயாம்?

குறை வேறு இடத்தில் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், உன் கட்டுரையில் பதினேழு இடத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வர வேண்டிய 'ஏ', 'தி' என்ற சின்ன வார்த்தைகள் விட்டுப்போயிருக்கின்றன. "கவர்ன்மென்ட் ஷுட் பில்ட் ஹாஸ்பிடல் இன் வில்லேஜ்" என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது என் இங்கிலீஷ் பாப்பா. தந்தி இங்கிலீஷ்.

1983-ல் நான் தந்தி ஆபீசில் சேர்ந்தபோது வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு. கவுன்டரில் ஒருவர் பத்து நிமிஷம் அழுதுகொண்டே விஷயத்தைச் சொல்வார். நான் "ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி" என்று நாலு வார்த்தையில் முடித்துக் கொடுப்பேன். 'தி' போட்டால் அவருக்குத்தான் நஷ்டம். இப்படியே வெட்டி வெட்டிப் பழகி, சொந்தமாக ஒரு லீவ் லெட்டர் எழுதினாலும் அப்படியே வந்தது. மேலதிகாரி ஒருவர் அதை எல்லாருக்கும் முன்னால் படித்துக் காட்டி, "இது லீவ் லெட்டரா, தந்தியா?" என்று கேட்டார். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீ செய்வதும் அதேதான். நாள் முழுக்க நோயாளியின் குறிப்பு எழுதும் சார்ட்டில் "பேஷன்ட் ஷிஃப்டட் டு வார்ட், டிரெஸ்ஸிங் டன்" என்று எழுதுகிறாய். அங்கே அது சரி. அந்தக் கையோடு வந்து 250 வார்த்தைக் கட்டுரை எழுதினால், சின்ன வார்த்தைகள் எல்லாம் வார்டிலேயே நின்றுவிடுகின்றன.

எனக்கு அது எப்படித் திரும்பி வந்தது என்று சொல்கிறேன். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற அமெரிக்க வானொலியில் 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' என்று ஒரு ஒலிபரப்பு, 1959-ல் ஆரம்பித்தது. சுமார் 1500 வார்த்தைகளுக்குள் செய்தி எழுதி, சாதாரண வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து வாசிப்பார்கள். மொட்டைமாடியில் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு கேட்பேன். சிற்றலை அல்லவா, சத்தம் ஏறும், இறங்கும், நடுவில் ஒரு வார்த்தையை அப்படியே விழுங்கிவிடும். விழுங்கிய வார்த்தை என்னவாக இருக்கும் என்று யோசிப்பேன். 'தி' காதில் விழுந்துவிட்டால், அடுத்து ஏதோ ஒரு ஆளோ பொருளோ வரப்போகிறது என்று தெரியும். அந்த 'தி' தான் இருட்டில் கைப்பிடிச் சுவர் மாதிரி. இலக்கணப் புத்தகத்தில் பயிற்சி போட்டபோது மண்டையில் ஏறாதது, அந்த இரைச்சலில் ஏறியது.

அப்புறம்தான் புரிந்தது, இது நமக்கு ஒன்றும் புதுசு இல்லை என்று. உனக்குச் சின்ன வயசில் கதை சொல்லும்போது எப்படி ஆரம்பிப்பேன்? "ஒரு ஊரில் ஒரு ராஜா. அந்த ராஜாவுக்கு..." முதலில் 'ஒரு', அடுத்த வாக்கியத்தில் 'அந்த'. 'ஏ', 'தி' பாதிக்கு மேல் இவ்வளவுதான். மிச்சப் பாதியில் விதிவிலக்குகள் ஏராளம், அதைக் கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

செய்தியில் இன்னொன்றையும் கவனி. ஒரு மந்திரி ராஜினாமா செய்கிறார் என்று வை. பேப்பர்த் தலைப்பு 'மினிஸ்டர் ரிசைன்ஸ்' என்று நிகழ்காலத்தில் இருக்கும், 'தி' கிடையாது, அதுவும் தந்திதான். ஆனால் வானொலியில் முதல் வரி பெரும்பாலும் 'தி மினிஸ்டர் ஹாஸ் ரிசைன்ட்'. செய்திருக்கிறார் என்று மட்டும், எப்போது என்று இல்லை. அடுத்த வரியில் 'ஆன் மன்டே' என்று கிழமை வந்ததும் 'ஹாஸ்' காணாமல் போய்விடும். ஒரே சங்கதி, மூன்று உடுப்பு. நீ 'ஐ ஹேவ் ஜாய்ன்ட் திஸ் ஹாஸ்பிடல் இன் 2019' என்று எழுதியிருக்கிறாய். வருஷத்தைச் சொல்லிவிட்டாய் அல்லவா, 'ஹேவ்' வேண்டாம்.

ஆகவே தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போகாதே. தினம் ஒரு செய்தியைக் காதால் கேள், இரண்டு நிமிஷம் போதும். கேட்டதை நிறுத்தி நிறுத்திக் கையால் எழுது, பிறகு ஒப்பிட்டுப் பார். கோச்சிங்காரர்கள் கொடுத்த 'ரெடிமேட்' வாக்கியங்களை மூட்டை கட்டி வை. உன் கட்டுரையில் அவை மட்டும் ஜரிகைத் துண்டு மாதிரி தனியாகப் பளபளக்கின்றன.

பாட்டும் கேள். எங்கள் யூனியன் கூட்டத்தில் 'வீ ஷல் ஓவர்கம்' (நாம் வெல்வோம்) பாடுவோம். 1945 வாக்கில் அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் புகையிலைத் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தத்தின்போது பாடியது. அப்போது அது 'வீ வில்' தான். பின்னால் அமெரிக்கப் பாடகர் பீட் சீகர் பாடிப் பரப்பிய வடிவத்தில் 'ஷல்' ஆகிவிட்டது. 'ஷல்' என்றால் வாய் இன்னும் அகலமாகத் திறக்கிறது, பாட நன்றாக இருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். வில், ஷல் வித்தியாசத்துக்கு இலக்கணப் புத்தகம் அரைப் பக்கம் விளக்கம் கொடுக்கும், இவர் வாயைத் திறந்து பார்த்தே முடிவு பண்ணிவிட்டார்! 1965 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக நாடாளுமன்றத்தில் பேசும்போது இதே வரியைச் சொன்னார். நான் தந்தியாக அடித்திருந்தால் 'ஓவர்கமிங் சம்டே' என்று இரண்டு வார்த்தையில் முடித்திருப்பேன். பாடிப் பார், தாளம் உதைக்கும். பாட்டில் சின்ன வார்த்தையை யாராலும் திருட முடியாது.

2013 ஜூலையில் தந்தியையே மூடிவிட்டார்கள். என் கையில் மட்டும் அது இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கடைக்குச் சாமான் சீட்டு எழுதும்போதுகூட அம்மா சிரிக்கிறாள்.

திருத்திய கட்டுரையை இதோடு வைத்திருக்கிறேன். வாரம் ஒன்று எழுதி அனுப்பு, நைட் டியூட்டி வாரத்தில் வேண்டாம். பிள்ளை எழுத்தில் ஏன் இப்படிச் சிவப்பாகக் கிறுக்குகிறீர்கள் என்று அம்மா சண்டைக்கு வந்தாள். அடுத்த தடவைக்குப் பச்சைப் பேனா வாங்கிவிட்டேன். கெஜட்டட் ஆபீசர்தான் பச்சை மையில் எழுதலாம் என்பார்கள், ரிட்டையரான ஆளை யார் வந்து கேட்கப்போகிறார்கள்.

அன்புடன்,
அப்பா