ஓசூரில் இருக்கும் சாந்திக்கு

பாலக்கோடு

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. போனில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் நீ அழுவாய், நானும் சேர்ந்து அழுவேன், பேச்சு எங்கேயும் போய்ச் சேராது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் சுகம். தக்காளி மண்டியில் விலை வழக்கம்போல ஒரு நாள் ஏறுகிறது, மறுநாள் விழுகிறது. பென்ஷன் ஒழுங்காக வருகிறது. முழங்கால்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ரிட்டயர் ஆகியும் தெருவில் என்னை இன்னும் 'நர்சம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பிரஷர் பார்க்க ராத்திரி எட்டு மணிக்குக் கதவைத் தட்டுகிறார்கள்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஆலையில் வேலை செய்யும் அத்தனை பெண்கள் இருக்கும் விடுதிக்கு நீ ஒருத்தி வார்டன். ஆலை ஒருவருடையது, விடுதியை நடத்தும் காண்ட்ராக்டர் வேறு, சாப்பாடு போடுகிறவர் இன்னொருவர். எதைக் கேட்டாலும் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்கள். காய்ச்சலில் நடுங்கிய பெண்ணை நடுராத்திரியில் உன் கைக்காசில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறாய். புளித்த சாம்பாரைச் சாப்பிட முடியாதவர்களுக்கு உன் அறையில் கஞ்சி வைக்கிறாய். இப்போது உனக்குத் தூக்கம் இல்லை, பிரஷர் மாத்திரை இரண்டாகிவிட்டது. மேலே சொன்னால், 'மேடம், நீங்க இருக்கீங்களே, பாத்துக்க மாட்டீங்களா' என்கிறார்களாம். அந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நீ செய்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த ஆட்டோ காசு எங்கேயாவது எழுதப்பட்டிருக்கிறதா? அந்த ராத்திரி விடுதியில் வண்டி இல்லை, முதலுதவிப் பெட்டியில் ஒரு மாத்திரை இல்லை என்பது யாருடைய காகிதத்திலாவது இருக்கிறதா? இல்லை என்றால், அவர்கள் கணக்கில் அன்றைக்கு ஒன்றுமே நடக்கவில்லை. பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது, சரியாகிவிட்டது, அவ்வளவுதான்.

இதை நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்று சொல்கிறேன். பென்னாகரம் பக்கம் நான் வேலை பார்த்த காலத்தில் போர் தண்ணீர்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருந்தால் குடிக்கக் கூடாது என்பது கணக்கு. எங்கள் ஊர்களில் பிள்ளைகள் வாயைத் திறந்தாலே கணக்கு தெரிந்துவிடும், பல்லெல்லாம் பழுப்புப் பழுப்பாக. பெரியவர்களில் சிலருக்கு முதுகும் முழங்காலும் இறுகிப்போயிருந்தன. பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் பல்லைத்தான் பார்த்தார்கள். வந்த அதிகாரிகளில் சிலர் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார்கள். கொதித்தால் தண்ணீர் வற்றும், ஃப்ளோரைடு வற்றாது. இன்னும் அடர்த்தியாகத்தான் ஆகும். இதைப் படித்தவர்களுக்கே நாங்கள் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த ஊர்ப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. சோதனைப் பெட்டி ஒன்று வந்திருந்தது. தண்ணீரில் சொட்டு விட்டால் நிறம் இளஞ்சிவப்பிலிருந்து மஞ்சளுக்குப் போகும், மஞ்சளாக ஆக ஆக ஃப்ளோரைடு அதிகம் என்று அர்த்தம். கிணறு கிணறாகச் சோதித்து, காட்டுக்குள் ஒரு பழைய கிணற்றில் குறைவு என்று கண்டுபிடித்தார்கள். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் அங்கிருந்து, முறை வைத்து எடுத்தார்கள். மற்றதுக்குப் போர் தண்ணீர். மோசமான அடிபம்புகளில் சிவப்புத் துணி கட்டினார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் நல்ல தண்ணீர், ஏனென்றால் நிலைத்த பல் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் வயதில்தான் கெடுதல் அதிகம்.

அப்புறம் ஒரு அதிகாரி ஆய்வுக்கு வந்தார். வீட்டுக்கு வீடு குடம் நிறைய நல்ல தண்ணீர். குடிநீர்ப் பிரச்சினை இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்! பெண்கள் மைல் கணக்கில் நடந்து கொண்டுவந்த தண்ணீர் அது. அவர்கள் உழைப்பே அவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் நாங்கள் நோட்டுப் போட்டோம். யார், எந்தத் தேதியில், எவ்வளவு தூரம் நடந்தார்கள், அதனால் எந்தக் கூலி வேலையை விட்டார்கள், எந்தப் பம்பில் என்ன நிறம் வந்தது என்று எல்லாம். தண்ணீரும் கொண்டுவருவோம், கொண்டுவந்ததையும் எழுதுவோம். அந்த நோட்டால்தான் காவிரி வந்தது என்று நான் பீற்றிக்கொள்ள மாட்டேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனில் வந்தது. 2008இல் அடிக்கல் நாட்டினார்கள், 2013இல் திறந்தார்கள். ஆனால் அந்த நோட்டுக்குப் பிறகு எங்கள் ஊரைப் பற்றி 'பிரச்சினை இல்லை' என்று யாரும் எழுதவில்லை.

உன் கஞ்சியும் அந்தக் குடத்துத் தண்ணீர் மாதிரிதான். கொடு, நிறுத்தாதே. பசித்த பிள்ளையை வைத்துக்கொண்டு கொள்கை பேச முடியாது. ஆனால் கொடுத்ததை எழுதி வை. தேதி, நேரம், என்ன சாப்பாடு வந்தது, எத்தனை பேர் சாப்பிடவில்லை, யாரிடம் சொன்னாய், அவர் என்ன பதில் சொன்னார் என்று. வாயால் சொன்னதை அன்றைக்கே ஒரு மெசேஜாகவும் அனுப்பிவிடு: 'இன்று காலை உங்களிடம் சொன்னபடி...' என்று. சண்டை தொனி வேண்டாம், சாதாரணமாக இருக்கட்டும். நோட்டு உன் சொந்த நோட்டாக இருக்கட்டும், ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைக்காதே. அதன் போட்டோ உன் மகளிடமும் இருக்கட்டும்.

பெண்களின் பே ஸ்லிப்பை வாங்கிப் பார். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் வைத்தியக் காப்பீடு, உண்டு. அவர்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்திருப்பார்கள், முதலாளி பங்கு 3.25. காண்ட்ராக்டர் கட்டவில்லை என்றால் ஆலைதான் கட்ட வேண்டும், கைகாட்டுகிற விளையாட்டு அங்கே செல்லாது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே வைத்தியம் உண்டு. கொஞ்ச காலம் சந்தா கட்டியவர்கள் என்றால், உடம்பு சரியில்லாமல் படுத்த நாட்களுக்கு 70 சதவீதச் சம்பளம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். உன் பெண்களில் பாதிப் பேருக்கு இது தெரிந்திருக்காது. காய்ச்சலோடு ஷிப்டுக்கு ஓடுவது சம்பளம் போய்விடும் என்ற பயத்தில்தானே?

ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது பழைய தொழிற்சாலைச் சட்டத்திலும் உண்டு, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் உண்டு. பெண்கள் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்தத்தைச் சட்டசபையில் நிறைவேற்றினார்கள், ஞாபகம் இருக்கிறதா? தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளுமே எதிர்த்ததால் மே தினத்தன்று முதலமைச்சர் வாபஸ் என்று அறிவித்தார். சட்டமாகாமல் போனதை உன் ஆலையில் சத்தமில்லாமல் நடத்துகிறார்கள் போல.

அப்புறம் விடுதி. பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கென்றே 2014இல் வந்த ஒரு தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. கலெக்டரிடம் உரிமம் வாங்க வேண்டும். உன் விடுதிச் சுவரில் அந்த உரிமம் மாட்டியிருக்கிறதா என்று பார். சமையல்காரரின் உணவுப் பாதுகாப்பு உரிமமும். ஆலைக்குள் நடப்பதற்கு ஓசூரிலேயே தொழிலகப் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது. ஆலை தனியார் என்பதால் அவர்களிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க முடியாது. ஆனால் ஆய்வுக்கு வந்த அரசு அலுவலகத்திடம், கடைசியாக எப்போது வந்தீர்கள், என்ன எழுதினீர்கள் என்று கேட்கலாம். பத்து ரூபாய்தான், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தால் மனு எண்ணோடு ரசீது வாங்காமல் வராதே.

இதையெல்லாம் நாளைக்கே செய் என்று சொல்லவில்லை. ஏனென்றால் இதில் ஒரு ஆபத்து இருக்கிறது, அது கம்பெனியிடமிருந்து வருவது இல்லை. உன் விடுதியில் இருப்பவர்கள் எங்கிருந்து வந்த பெண்கள்? அரூர், பென்னாகரம், தேன்கனிக்கோட்டை மலைக் கிராமம். 'விடுதியில் பிரச்சினையாம்' என்ற சேதி வீட்டுக்குப் போனால் அப்பா அடுத்த பஸ்ஸில் வந்து கூட்டிப் போய்விடுவார், தை மாதத்துக்குள் கல்யாணம் முடிந்திருக்கும். நம் இரண்டு மாவட்டத்தையும் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெண்ணுக்கு அந்த வேலைதான் கல்யாணத்தைத் தள்ளிப்போடும் ஒரே வழியாக இருக்கும். ஆகவே யார் பெயரையும் அவளைக் கேட்காமல் மனுவில் எழுதாதே. முகம் தெரியும் போட்டோ, ஆஸ்பத்திரிச் சீட்டு எதையும் வாட்ஸ்அப்பில் விடாதே. வேண்டாம் என்று அவள் சொன்னால் வேண்டாம்தான். பெயரில்லாமலேயே எழுத எவ்வளவோ இருக்கிறது: கழிவறை எத்தனை, சாப்பாடு வந்த நேரம், பூட்டிய கதவு. ராத்திரி கேட்டைப் பூட்டிச் சாவியை செக்யூரிட்டி எடுத்துப் போகிறார் என்று எழுதியிருந்தாயே, முதலில் அதைப் பிடி. தீப்பிடித்தால் என்ன ஆகும்? அதற்கு மட்டும் யார் சம்மதத்துக்கும் காத்திருக்காதே.

இன்னொன்று, பெண்களிடம் விஷயத்தை மறைக்காதே. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு போன் ஆலைப் பெண்கள் விடுதியில் சாப்பாடு கெட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். போனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று மற்றவர்களுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. செத்துப்போய்விட்டார்கள் என்று வதந்தி பரவியது. பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்தார்கள், ஆலையைச் சில வாரம் மூட வேண்டியதாயிற்று. உன் விடுதியில் யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்தால், அவள் அறைத் தோழிகளில் ஒருத்தியையாவது போனில் அவளோடு பேச வை.

நீ தனியாகக் கையெழுத்துப் போடாதே. பக்கத்து விடுதி வார்டன், நர்ஸ், பஸ் டிரைவர், யாராவது இரண்டு பேர். அரூர் பக்கத்து மலைக் கிராமம் வாச்சாத்தியை நினைத்துக்கொள்கிறேன். உன் விஷயத்தோடு ஒப்பிடவே கூடாத கொடுமை அது. 1992 ஜூனில் சந்தனக் கடத்தல் சோதனை என்று ஊருக்குள் புகுந்து, பெண்களை வன்கொடுமை செய்து, ஊரையே அடித்து நொறுக்கினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைக்காரர்கள். அந்த மலைப் பெண்கள் நம் தர்மபுரி கோர்ட்டில் 2011இல் தீர்ப்பு வரும்வரை சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 269 பேர் மீது வழக்கு, தீர்ப்பின்போது உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை. 2023இல் ஹைகோர்ட்டும் அதை உறுதி செய்தது. மலைவாழ் மக்கள் சங்கம், கட்சிக்காரர்கள், வக்கீல்கள் என்று கூட ஆள் நின்றதால்தான் அத்தனை வருடம் தாங்க முடிந்தது. பத்தொன்பது வருடத்தை ஒருத்தி தனியாக இழுத்திருக்க முடியுமா?

இனி உன்னைப் பற்றி. வேலையை விட்டுவிடு என்று நான் சொல்ல மாட்டேன். மகள் பீஸை யார் கட்டுவது? ஆனால் வாரத்தில் ஒரு ராத்திரியாவது போனை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டுத் தூங்கு. சீனியர் பெண்களில் இரண்டு பேருக்கு முதலுதவி கற்றுக்கொடு. 108ஐ எப்போது கூப்பிட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியட்டும், எல்லாம் உன் வழியாகவே போக வேண்டாம். உன் கைக்காசுக்கு ஒரு வரம்பு வை, செலவழித்ததைப் பில்லோடு கேள். கொடுக்காவிட்டாலும் கேட்டது காகிதத்தில் இருக்கும். தூக்கம் வராமல் மனசு கனத்துக் கிடந்தால் அரசாங்கத்தின் மனநல உதவி எண் 14416க்குப் பேசு, தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. பெண்களுக்கும் அந்த நம்பரைக் கொடு. கம்பெனி மனஅழுத்தத்துக்கு யோகா வகுப்பு வைத்ததாக எழுதியிருந்தாய். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவளுக்கு வேண்டியது நாற்காலிடி, மூச்சுப் பயிற்சி இல்லை. வகுப்புக்குப் போகட்டும், தப்பில்லை. ஆனால் வகுப்பு வைத்த தேதியையும் உன் நோட்டில் எழுதிக்கொள்.

மாங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு நீ லீவு போட முடிந்தால் வா, நோட்டையும் எடுத்துக்கொண்டு வா. இரண்டு பேரும் உட்கார்ந்து மனுவை எழுதிவிடலாம். திங்கட்கிழமை காலை கிருஷ்ணகிரிக்கு நானும் கூட வருகிறேன். பத்து மணிக்கு முன்னால் போனால் வரிசை குறைவு என்கிறார்கள். முழங்கால் சண்டித்தனம் செய்தாலும் பஸ்ஸில் உட்கார்ந்துதானே போகப் போகிறோம்.

மகளுக்கு என் அன்பைச் சொல். பிரஷரைப் பார்த்து நம்பரை எனக்கு மெசேஜில் அனுப்பு.

உன்,
கோமதி