டிராயிங் மாஸ்டர் தாத்தாவுக்கு ஒரு சேதி

கோபன்ஹேகன்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? குளிரைப் பற்றிப் போன கடிதத்திலேயே புலம்பித் தீர்த்துவிட்டேன். இது உங்கள் பேத்தியின் பள்ளிக்கூட சமாச்சாரம். காலமெல்லாம் டிராயிங் மாஸ்டராக இருந்த உங்களுக்குப் பிடிக்கும்.

இங்கே கைவேலைக்கும் வடிவமைப்புக்கும் சேர்த்து ஒரு பாடம் உண்டு. முன்பு மரவேலை தனி, தையல் தனி. 2014 சீர்திருத்தத்தில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். பையன்களும் ஊசி கோக்கிறார்கள், பெண்களும் ரம்பம் பிடிக்கிறார்கள். அந்தப் பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்வதில்லை!

வீட்டிலுள்ள ஏதாவது ஒரு சாமான் ஏன் இந்த உருவத்தில் இருக்கிறது என்று வகுப்பில் சொல்ல வேண்டுமாம். பழைய சாமான் சந்தையில் நான் வாங்கிய கிரெனிட் எனாமல் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். ஹெர்பர்ட் கிரென்கெல் என்ற இன்ஜினீயர் 1953-இல் வடிவமைத்தது. மறுவருஷமே மிலான் கண்காட்சியில் தங்கப் பதக்கம். வெளியே பளபளப்பில்லாத கறுப்பு, உள்ளே கண்ணைப் பறிக்கும் மஞ்சள். நம் எனாமல் தட்டு மாதிரி விளிம்பைச் சுருட்டவில்லை, தகடு அப்படியே மெல்லிசாக முடிகிறது. அழகுதான். ஆனால் எனாமல் என்பது சுமார் 800 டிகிரியில் இரும்பின் மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடி. நம் வீட்டுத் தொட்டியில் போட்டுத் தேய்த்தால் அந்த விளிம்பு ஒரு மாசம் தாங்காது. இவள் அதையும் வகுப்பில் சொல்லியிருக்கிறாள்!

எனக்குப் பிடித்தது யென்ஸ் குவிஸ்ட்கோர் என்ற இந்த ஊர் வடிவமைப்பாளர் ஐம்பதுகளில் செய்த 'கோபன்ஸ்டைல்' என்ற சமையல் பாத்திரம். மூடியின் பிடி கூட்டல் குறி போல நாலு பக்கமும் விரிந்திருக்கும். மூடியைக் கவிழ்த்து மேஜையில் வைத்தால் அதுவே சூடான பாத்திரத்துக்குத் தாங்கி. பிரிமணை தேடி ஓட வேண்டாம். இந்த மனிதர் செய்த கரண்டி முள்கரண்டிகளை 1954-இல் இங்குள்ள மியூசியத்தில் பார்த்துவிட்டுத்தான் ஓர் அமெரிக்கர் இவரைத் தேடிப் பிடித்து, 'டான்ஸ்க்' என்ற பாத்திரக் கம்பெனியையே தொடங்கினார்.

அடுத்த வேலைக்கு இவளுக்குப் பாட்டியின் எனாமல் தூக்கு வேண்டுமாம். பரணில் இருந்தால் இறக்கி, மூடி, பிடி, கொக்கி மூன்றையும் தனித்தனியாகப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஏணியில் நீங்கள் ஏற வேண்டாம், தம்பியை ஏறச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்