எல்லைக்கோட்டுக்குள் விழுந்த 60 சென்ட்

அன்புள்ள கயல்,

லூயிவில் நகர மன்றமான மெட்ரோ கவுன்சில் கூட்டத்துக்குப் போகப்போவதாக எழுதியிருந்தாய். தாராளமாகப் போ. ஆனால் கேஎஃப்சி யம் சென்டர் அரங்கத்தின் பேச்சு வந்தால், அங்கே ஆடும் லூயிவில் பல்கலைக்கழகத்தின் கார்டினல்ஸ் அணி மேல் உனக்குள்ள பாசத்தை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போ. அது கூடைப்பந்துச் சண்டை மாதிரி தெரியும். உண்மையில் கடன் கணக்குச் சண்டை.

அரங்கம் திறந்தது 2010 அக்டோபரில். ஓஹையோ ஆற்றங்கரையில் சுமார் 22,000 இருக்கை. கட்ட ஆன செலவு 23.8 கோடி டாலர், வெளியிட்ட கடன் பத்திரமோ ஏறக்குறைய 34.9 கோடி. "மீதி 11 கோடியை யார் சாப்பிட்டது?" என்று யாராவது எழுந்து கத்தலாம். இந்த வித்தியாசத்தை மட்டும் வைத்துத் திருட்டு என்று சொல்லிவிட முடியாதம்மா. இதுபோன்ற பத்திரங்களில் கட்டி முடிக்கும்வரையான வட்டி, கையிருப்பு நிதி, வெளியீட்டுச் செலவு எல்லாமே அசலில் ஏறிவிடும்.

வில்லங்கம் திருப்பிக் கட்டும் வழியில்தான். அரங்கத்தைச் சுற்றி ஒரு எல்லை வரைந்தார்கள். முதலில் 6 சதுர மைல், பிறகு சுமார் 2 ஆகச் சுருக்கினார்கள். அடிப்படை ஆண்டில் அதற்குள் வசூலான வரியைக் குறித்துக்கொண்டு, அதற்கு மேல் வளரும் தொகையில் பெரும்பங்கைக் கடனுக்கு ஒதுக்கினார்கள். அடிப்படை 100, இந்த ஆண்டு 130 என்றால், அந்த 30தான் பேச்சு. அந்த 100 குறைந்து 95 ஆனால் கடனுக்கு ஒரு காசும் வராது. பத்திரம் வெளியிட்ட 2008இல்தான் பொருளாதாரம் சரிந்தது. எதிர்பார்த்த வளர்ச்சி வரவில்லை.

இதையும் யோசி. எல்லைக்குள் உள்ள கடையில் 10 டாலருக்குச் சாப்பிட்டால், கென்டக்கியின் 6 சதவீதத்தில் 60 சென்ட் விற்பனை வரி. ஆட்டம் இல்லாவிட்டால் அதே பத்து டாலரை உன் வீட்டுப் பக்கத்துக் கடையில் செலவழித்திருப்பாய். அந்த 60 சென்ட் மாநிலப் பொதுக் கணக்குக்குப் போயிருக்கும். ஊருக்குப் புதிதாக எதுவும் வரவில்லை, இடம்தான் மாறியது. ஆனால் காகிதத்தில் அது 'வளர்ச்சி'. இந்தியானாவிலிருந்து ஆற்றைத் தாண்டி வந்தவர் செலவழித்ததுதான் நிஜ வரவு. இரண்டையும் பிரித்துக் காட்டாத அறிக்கையை நம்பாதே.

தவணைக்கும் வரவுக்கும் நடுவே விழுந்த பள்ளத்தை நகரம் நிரப்ப வேண்டியதாயிற்று. முதல் ஒப்பந்தப்படி ஆண்டுக்குக் குறைந்தது 65 லட்சம், அதிகபட்சம் 98 லட்சம் டாலர். 2017இல் அது 1.08 கோடி ஆனது. பல்கலைக்கழகம் கூடுதலாக ஆண்டுக்கு 24.2 லட்சம் தர ஒப்புக்கொண்டது. வரி ஒதுக்கீட்டுக் காலத்தை 20 ஆண்டிலிருந்து 45 ஆக மாநிலம் நீட்டியது. பல்கலைக்கழகம் தாமதமாகக் கொடுத்தது, குறைவாகவும் கொடுத்தது என்பது என் கருத்து. ஆண்கள் அணி ஒரு சீசனில் சொந்த ஊரில் ஆடுவது சுமார் 20 ஆட்டம், பெண்கள் அணியும் ஏறக்குறைய அவ்வளவே. மற்ற நாட்களில் கச்சேரி வந்தால்தான் வாடகை. நாள் ஒதுக்குவதில் பல்கலைக்கழகத்துக்கு முன்னுரிமை கொடுத்த ஒப்பந்தம் அதற்கே இடைஞ்சலாக இருந்தது.

"ஜெயிச்சா எல்லாம் சரியாயிடும்" என்பார்கள். 2013இல் ஆண்கள் அணி தேசியக் கல்லூரிக் கோப்பையே வென்றது. விதிமீறலுக்காக 2018இல் அந்தப் பட்டம் பறிபோய், தொங்கவிட்ட பதாகையையும் இறக்கினார்கள். பத்திரம் வாங்கியவனுக்கு இரண்டுமே ஒன்றுதான், வட்டித் தேதி மாறாது.

கூட்டத்தில் பேச மூன்றே நிமிடம் கிடைத்தால் இரண்டு கேள்வி போதும். எல்லைக்குள் வசூலான வரி, முதலில் கணித்ததற்கு எவ்வளவு குறைவு அல்லது அதிகம்? மொத்த வரவை அந்த ஆண்டுத் தவணையால் வகுத்தால் என்ன வருகிறது? 1க்குக் கீழே போனால் கையிருப்பைக் கரைத்துத்தான் கட்டுகிறார்கள். 1.05 வந்தாலும் நிம்மதி இல்லை, ஒரு மோசமான சீசனில் கவிழ்ந்துவிடும்.

தணிக்கை அறிக்கையின் நகலை வாங்கிக்கொள். முன்பக்க வண்ணப் படங்களை விடு, பின்னால் வரும் கடன் குறிப்பை மட்டும் எனக்குப் படமெடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா