பாப்பாவுக்கு, அந்த காசு விஷயமா

பாப்பா,

நேத்து போன்ல "ஃபுட்பால் தான்பா காசு கொண்டு வருது, அவங்களுக்கு தானே போகும், எங்க வாலிபால் டீமுக்கு என்ன வரப்போகுது"ன்னு சாதாரணமா சொல்லிட்டு வச்சிட்ட. எனக்கு ராத்திரி பூரா அதே நெனப்பு. நமக்கு கம்மியாத்தான் வரும்னு நீயே ஒத்துக்கிட்டது தான்டா மனசுக்கு கஷ்டமா இருக்கு.

காலேஜ் விளையாட்டை நடத்துற என்சிஏஏ மேல பிளேயர்ஸ் போட்ட கேஸ்ல, 2025 ஜூன்ல அமெரிக்க கோர்ட் ஓகே பண்ணின ஹவுஸ் செட்டில்மென்ட்ங்கற சமரசப்படி காலேஜே நேரடியா பிளேயர்ஸுக்கு காசு கொடுக்கலாம், முதல் வருஷம் ஒரு காலேஜுக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரைக்கும். அதுபோக முன்னாடி விளையாடினவங்களுக்கு பழைய பாக்கின்னு 280 கோடி டாலர். அந்த பாக்கில கிட்டத்தட்ட 90 சதவீதம் அமெரிக்கன் ஃபுட்பால், ஆண்கள் பாஸ்கெட்பாலுக்கே போகுதுன்னு கணக்கு. படிப்புலயும் காலேஜ் விளையாட்டுலயும் ஆண் பெண் பேதம் பார்க்கக்கூடாதுங்கற டைட்டில் நைன் சட்டத்துக்கு இது விரோதம்னு சில பொண்ணுங்க உடனே அப்பீல் போனாங்க. கல்வித்துறை அந்த வருஷம் ஜனவரில காலேஜ் கொடுக்கற காசுக்கும் டைட்டில் நைன் பொருந்தும்னு சொல்லிட்டு, ஆட்சி மாறினதும் பிப்ரவரில வாபஸ் வாங்கிடுச்சு. 1972ல வந்த சட்டம்மா அது, இன்னும் இழுபறி.

சரி, காசு எங்கேருந்து வருது? 2021ல சான் ஆன்டோனியோல என்சிஏஏ பொண்ணுங்க பாஸ்கெட்பால் டோர்னமென்ட் நடந்தப்போ வெயிட் ரூம்னு வச்சது ஒரே ஒரு டம்பெல் ஸ்டாண்டும் கொஞ்சம் யோகா மேட்டும், ஆம்பளைங்களுக்கு இண்டியானாபோலிஸ்ல ஹால் நிறைய ரேக்கு. ஒரேகான் பிளேயர் ஒரு பொண்ணு போன்லயே வீடியோ எடுத்து போட்டா, ஊரே பார்த்துச்சு. அப்புறம் என்சிஏஏவே வக்கீல் வச்சு எழுதின ரிப்போர்ட்ல என்ன வந்துச்சு தெரியுமா, பொண்ணுங்க பாஸ்கெட்பாலையும் சேர்த்து 29 சாம்பியன்ஷிப்போட டிவி உரிமையை ஒண்ணா கட்டி வருஷத்துக்கு 3 கோடியே 40 லட்சம் டாலருக்கு இஎஸ்பிஎன் சேனலுக்கு வித்திருக்காங்க, ஆனா பொண்ணுங்க பாஸ்கெட்பால் மட்டுமே 2025ல வருஷத்துக்கு 8 கோடிக்கு மேல போகும்னு. விக்கவே முயற்சி பண்ணாம, சம்பாதிக்கலன்னு சொன்னா எப்படி? ஆண்கள் டோர்னமென்ட்டுக்கு வச்ச மார்ச் மேட்னஸ்ங்கற பேரையே 2022 வரைக்கும் பொண்ணுங்களுக்கு கொடுக்கல. 2024 ஃபைனல்ல பொண்ணுங்க மேட்ச் பார்த்தவங்க 1 கோடியே 89 லட்சம், ஆண்கள் ஃபைனல் 1 கோடியே 48 லட்சம். டோர்னமென்ட்ல ஜெயிச்சா காலேஜுக்கு பங்கு காசுங்கறது ஆண்களுக்கு 1991லேர்ந்து இருக்கு, பொண்ணுங்களுக்கு 2025ல தான்.

உன் கேமையே எடுத்துக்கோ. நெப்ராஸ்கால 2023 ஆகஸ்ட்ல வாலிபால் மேட்ச்சை ஃபுட்பால் ஸ்டேடியத்துல வச்சாங்க, 92,003 பேர் வந்தாங்க. நெட்டு அதே நெட்டு தான், இடம் கொடுத்தாங்க, ஜனம் வந்துச்சு.

சவுத் கரோலினா காலேஜ்ல பொண்ணுங்க பாஸ்கெட்பால் கோச் டான் ஸ்டேலி 2021ல ஆண்கள் கோச்சுக்கு சமமா சம்பளம் வேணும்னு நின்னு வாங்கினாங்க. கேட்டதால கெடச்சுது.

இப்ப ஒரு வேலை செய். பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் எவ்ளோ ஸ்காலர்ஷிப், கோச்சுங்க சம்பளம் என்ன, ஆள் எடுக்க எவ்ளோ செலவுன்னு ஒவ்வொரு காலேஜும் வருஷா வருஷம் அரசாங்கத்துக்கு கணக்கு கொடுக்கணும், அது கல்வித்துறை சைட்ல ஈக்விட்டி இன் அத்லெட்டிக்ஸ்னு இருக்கு, யார் வேணா பார்க்கலாம். உன் டீம் பொண்ணுங்களோட உக்காந்து பாரு. சரியில்லன்னா உங்க காலேஜ் டைட்டில் நைன் கோஆர்டினேட்டருக்கு மெயில் போடுங்க, எல்லாரும் சேர்ந்து, எழுத்துல. ஸ்காலர்ஷிப்ப பிடுங்கிடுவாங்கன்னு பயப்படாத, கேள்வி கேட்டதுக்காக பழிவாங்கக்கூடாதுன்னும் சட்டத்துல இருக்கு.

ஞாயித்துக்கிழமை கூப்பிடுறேன், அந்த நம்பர எடுத்து வை. அம்மா முறுக்கு அனுப்பிருக்கா, ரூம்மேட்டுக்கும் கொடு.

அப்பா